சரக்கு வைத்திராத அங்காடி



அங்காடி என்பது தமிழின் பழஞ்சொற்களுள் ஒன்று. பகலில் கூடுவதை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் வேறுபடுத்திப் பெயரிட்டனர் முன்னோர். இன்றோ பகல் இரவு என்னும் பகுப்பின்றிக் கையிலுள்ள செல்பேசிக்குள்ளேயே ஓர் அங்காடி ஓயாது கூடிக்கொண்டிருக்கிறது. இல்லத்தரசியர் அதில் புடவை வாங்குகின்றனர். மாணவர் நூல் வாங்குகின்றனர். சிற்றூர்க் கைவினைஞர் தம் பொருளை முகமறியாதவர்க்கு விற்கின்றனர். இத்தகைய இணையத் தளங்களில் மேலாளராகப் பணியேற்கும் இளைஞர்களும் பெருகி வருகின்றனர். அவர்கள் அங்கே செய்யும் தொழில் யாது? தளம் ஒன்று எவ்வாறு வளர்கிறது? வளர்ந்தபின் அதில் கடை விரித்தவர் நிலை என்னாகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண ஒரே ஓர் அங்காடியின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்த்தால் போதும். சீன நாட்டில் 2003ஆம் ஆண்டு தோன்றிய தாவ்பாவ் என்னும் தளமே அது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தளத்தை நடத்துபவர் கடைக்காரர் அல்லர். வாரச் சந்தையை ஏலத்தில் குத்தகைக்கு எடுப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஒரு படி கத்தரிக்காயும் விற்பதில்லை. ஓர் ஆட்டையும் வளர்ப்பதில்லை. வாசலில் நின்று சுங்கம் வாங்குகிறார். ஆயினும் சந்தை செழிப்பதும் பாழாவதும் பெரும்பாலும் அவர் கையில்தான் உள்ளது. தண்ணீரும் நிழலும் உண்டா, எடையில் வழக்கெழுந்தால் தீர்ப்பார் உண்டா, சுங்கம் தாங்கக்கூடியதா என்பவற்றைப் பார்த்தே விற்பவர் வருவர். விற்பவர் வந்தாலன்றி வாங்குபவர் வாரார்; வாங்குபவர் வாராவிடில் விற்பவர் அடுத்த வாரம் வேறு சந்தைக்குப் போய்விடுவார். கோழி முந்தியா முட்டை முந்தியா என்னும் இச்சிக்கலை அவிழ்ப்பதே தள மேலாளரின் முதற்பணி. இணையத்தில் அது இன்னும் கடினம். சந்தையில் பொருளைத் தொட்டுப் பார்க்கலாம். விற்பவரின் முகத்தையும் பார்க்கலாம். தளத்தில் இரண்டும் இல்லை.

கிழக்குச் சீனத்தில் ஜேஜியாங் மாகாணத்தின் தலைநகர் ஹாங்சோ. அந்நகரில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர் ஜாக் மா. ஆசிரியத் தொழிலிலிருந்து வணிகத்துக்குச் சென்ற அவர், 1999இல் நண்பர்களுடன் சேர்ந்து தம் குடியிருப்பிலேயே அலிபாபா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். சீனத் தொழிற்கூடங்களையும் வெளிநாட்டு வணிகர்களையும் இணைத்து வைப்பது அதன் தொழில். தனி மக்கள் தம்முள் வாங்கி விற்கும் அங்காடியாகத் தாவ்பாவ் அதற்குப் பின்னரே வந்தது. புதையல் தேடுதல் என்னும் பொருளுடையது அப்பெயர். சார்ஸ் என்னும் நுரையீரல் நோய் சீனத்தை அச்சுறுத்திக்கொண்டிருந்த காலம் அது. அலிபாபா ஊழியர் பலர் வீட்டிலேயே முடங்கியிருந்த 2003 மே மாதத்தில் தாவ்பாவ் திறக்கப்பட்டது.

திறந்த அன்று அங்காடியில் ஒன்றும் இல்லை. சுன் தோங்யூ என்பவர் தலைமையிலான அச்சிறு குழுவினர் தம் வீடுகளில் இருந்த பொருள்களையே கொணர்ந்து பட்டியலிட்டனர். முதல் வாரம் தமக்குள் தாமே விற்று வாங்கினர். அடுத்த வாரம் வெளியார் சிலர் பொருள் கொண்டுவர, அவற்றையும் குழுவினரே வாங்கித் தீர்த்தனர். எதற்கும் உதவாத அப்பொருள்கள் இரண்டு அறைகளை நிறைத்தன என்று ஜாக் மா பிற்காலத்தில் கூறியிருக்கிறார். நகைப்புக்கிடமான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. கொணர்ந்தவர்க்கு உண்மையான காசு கிடைத்தது; ஏமாந்தவர் எவரும் இலர். தளம் வளர வேண்டுமெனில் முதல் இழப்பைத் தளமே ஏற்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பொய்யான விற்பனை என்பது வேறு. அது பின்னர் வருகிறது.

அப்போது சீனத்தின் இணைய அங்காடி வேறொருவர் கையில் இருந்தது. அமெரிக்காவில் 1995இல் பிறந்து உலகெங்கும் பரவிய ஈபே, ஷாங்காய் நகரின் ஈச்நெட் என்னும் தளத்தில் மூன்றில் ஒரு பங்கை 2002இல் 3 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே எஞ்சிய பங்குகளை ஏறத்தாழ 15 கோடி டாலருக்கு வாங்கி முழு உரிமையும் பெற்றது. புகழும் பணமும் பட்டறிவும் அதனிடம் இருந்தன. சீனத்தின் பெரிய இணையத் தளங்களோடு விளம்பர ஒப்பந்தம் செய்து, போட்டியாளர் விளம்பரம் அவற்றில் நுழையாதபடி வாயிலையும் அடைத்தது. தாவ்பாவ் குழுவினர் எவரும் பொருட்படுத்தாத சிறுசிறு தளங்களில் விளம்பரம் இட்டனர். ஈபே கடலில் வாழும் சுறா, தாம் யாங்சி ஆற்றின் முதலை, கடலில் பொருதால் தோற்போம், ஆற்றில் பொருதால் வெல்வோம் என்ற கருத்தில் ஜாக் மா பேசினார். வீரப் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஆற்றின் இயல்பை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு மூன்று சான்றுகள் உண்டு.

ஒன்று, கட்டணம் பற்றியது. ஈபே தளத்தில் பொருளைப் பட்டியலிடக் கட்டணம். விற்றால் அதற்கொரு கழிவுத்தொகை. தாவ்பாவ் மூன்று ஆண்டுகளுக்கு எதுவும் வாங்குவதில்லை என அறிவித்தது. இலவசம் என்பது வணிக முறை ஆகாது என்று ஈபே தரப்பில் எள்ளினர். ஆனால் இலவசத்தின் பயன் காசோடு நிற்கவில்லை. கழிவுத்தொகையால் வாழும் தளம், விற்பவரும் வாங்குபவரும் நேரே பேசிக்கொள்வதை அஞ்சும். பேசிக்கொண்டால் தளத்துக்கு வெளியே பேரம் முடித்துக் கழிவுத்தொகையைத் தவிர்த்துவிடுவர் அன்றோ? ஆகவே விற்பனை முடியும்வரை இருவரையும் பிரித்தே வைக்க வேண்டிய கட்டாயம் ஈபேக்கு இருந்தது. கட்டணமே வாங்காத தாவ்பாவுக்கு அவ்வச்சம் இல்லை. அது வாங்வாங் என்னும் உரையாடல் கருவியை அமைத்து இருவரையும் பேச விட்டது. துணி சாயம் போகுமா, அளவு சரியாக இருக்குமா, இரண்டாக வாங்கினால் விலை குறையுமா எனக் கேட்டுப் பேரம் பேசி வாங்குவது அந்நாட்டு மக்களின் நெடுநாள் வழக்கம். சந்தையின் குரல் தளத்துக்குள் கேட்கத் தொடங்கியது. கட்டண முறையே தளத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அடுத்தது, பணம் பற்றியது. முன்பின் அறியாதவர்க்கு முன்பணம் அனுப்ப வாங்குபவர் அஞ்சினார். பணம் வராமல் பொருளை அனுப்ப விற்பவர் அஞ்சினார். கடன் அட்டையும் அக்காலச் சீனத்தில் பரவவில்லை. பணத்தைத் தளம் வாங்கி வைத்துக்கொள்ளும். பொருள் கைசேர்ந்தது என வாங்கியவர் உறுதி சொன்ன பின்னரே விற்றவர்க்கு விடுவிக்கும் என்னும் ஏற்பாட்டைத் தாவ்பாவ் 2003 அக்டோபரில் தொடங்கியது. அலிபே என்று இன்று உலகறிந்த நிறுவனத்தின் தோற்றம் இதுவே. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து வைத்து நிலம் பேசி முடிக்கும் பழைய வழக்கத்தின் மறுவடிவம் எனலாம்.

அதன் முதல் பேரம் எண்ணத்தக்கது. ஜப்பானின் யோகொஹாமாவில் பயின்றுகொண்டிருந்த சீனர் ஒருவர் பழைய ஃபூஜி கேமரா ஒன்றை விற்பனைக்கு இட்டார். சீனத்தின் உட்பகுதியில் உள்ள ஷியான் நகர மாணவர் ஒருவர் அதை வாங்க 750 யுவான் செலுத்தினார். செலுத்திய சிறிது நேரத்தில் அவர்க்கு நெஞ்சு படபடத்தது. பணத்தைத் திருப்பித் தருமாறு வேண்டினார். முதல் பேரமே முறிந்துவிடும் நிலை. தாவ்பாவ் ஊழியர் அவரோடு பேசி, பொருள் வாராவிடில் பணம் உறுதியாகத் திரும்பும் என்று சொல்லி அச்சம் தீர்த்தார். கேமரா வந்து சேர்ந்தது. கணினி நிரல் எழுதுவோர் ஆயிரம் பேர் இருந்தாலும், அந்நாளில் அவ்வங்காடியைத் தாங்கி நின்றது ஓர் ஊழியர் வாய்ச்சொல்லே. பின்னர் 2005இல், அலிபே வழியே பணம் செலுத்தி ஏமாற்றப்பட்டவர்க்கு முழு இழப்பையும் தாமே ஈடு செய்வதாக நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. வாய்ச்சொல் நிறுவனத்தின் விதியாயிற்று.

மூன்றாவது சான்று, ஈபே செய்த பிழை. உலகெங்கும் ஒரே தளம் என்னும் கொள்கையால் 2004இல் சீனத் தளத்தை அமெரிக்காவில் இருந்த தன் கணினிகளுக்கு மாற்றியது. சீனப் பயனர்க்குப் பக்கங்கள் மெதுவாகத் திறந்தன. பழகிய வசதிகள் சில மறைந்தன. சிறு மாற்றம் வேண்டினாலும் கடல் கடந்து தலைமையகத்தின் இசைவைப் பெற வேண்டியதாயிற்று. ஹாங்சோவில் இருந்தவர்களோ காலையில் கேட்ட குறையை மாலையில் நீக்கும் தொலைவில் இருந்தனர். 2006 டிசம்பரில் ஈபே தன் சீனத் தளத்தை மூடி, உள்நாட்டு நிறுவனமான டாம் ஆன்லைனோடு கூட்டுச் சேர்ந்து ஒதுங்கியது.

அப்படியானால் இலவசமாக அங்காடி நடத்தக் காசு எங்கிருந்து வந்தது? ஜப்பானின் சாஃப்ட்பேங்க் உள்ளிட்ட முதலீட்டாளர் 2004இல் 8 கோடியே 20 இலட்சம் டாலர் அளித்தனர். 2005இல் யாஹூ 100 கோடி டாலர் தந்து அலிபாபாவின் ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. முதலீட்டாளர் தருமத்துக்குப் பணம் தருவதில்லை. என்றேனும் ஒருநாள் சுங்கம் வாங்கியே தீர வேண்டும். அந்நாள் எப்போது, எவரிடம், எவ்வளவு என்பதில்தான் தள மேலாளரின் உள்ளம் வெளிப்படுகிறது.

முதல் முயற்சி 2006 மே மாதம் வந்தது. பொருளைத் தேடுவோர் கண்ணில் தம் சரக்கு முன்வரிசையில் படவேண்டும் என விரும்பும் விற்பனையாளர் பணம் கட்டலாம் என்றொரு திட்டத்தைத் தாவ்பாவ் கொணர்ந்தது. விற்பனையாளர் கொதித்தனர். மூன்றாண்டு இலவசம் என்று அழைத்துவந்து, கடைக்கு வாடகை வாங்காமல் வாசலுக்கு வாடகை வாங்குவது முறையோ என்றனர். வேறு தளத்துக்குப் போய்விடுவோம் என்றும் எச்சரித்தனர். அது வெற்று மிரட்டல் அன்று. டென்சென்ட் என்னும் பெருநிறுவனம் பைபை என்றொரு போட்டித் தளத்தைத் திறந்து, வாருங்கள் என்று கைகாட்டிக்கொண்டிருந்தது. தாவ்பாவ் மேலாளர்கள் அத்திட்டத்தைப் பயனர் வாக்கெடுப்புக்கு விட்டனர். பெரும்பான்மையோர் எதிர்த்து வாக்களித்தனர். தொடங்கி ஒரு மாத அளவிலேயே திட்டம் கைவிடப்பட்டது.

இந்த வாக்கெடுப்பை மேலாண்மைப் பாடம் சொல்வோர் பாராட்டுவதுண்டு. பாராட்டு தகும். ஆனால் பாராட்டுவோர் பைபையை மறந்துவிடுகின்றனர். விற்பவர்க்கு மற்றொரு வாசல் திறந்திருந்தது; ஆகவே அவர் குரல் கேட்கப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த ஐந்தாண்டுகளைப் பார்க்க வேண்டும்.

அவ்வைந்தாண்டுகளில் அங்காடி பேருருக் கொண்டது. பணம் கட்டி முன்வரிசை பெறும் முறை விளம்பரம் என்னும் வேறு பெயரில் படிப்படியாக மீண்டும் வந்து, நிறுவனத்தின் பெருவருவாய் ஆயிற்று. பட்டியலிட இன்றும் கட்டணம் இல்லை; ஆனால் கோடிக்கணக்கான பொருள்களுக்கிடையே எவர் கண்ணிலும் படாமல் கிடப்பதற்குத்தான் அந்த இலவசம். நற்சான்றுப் புள்ளிகளும் வந்தன. நல்லபடி விற்றவர்க்கு இதயக் குறி, அதற்கு மேல் வைரம், அதற்கும் மேல் மகுடம் எனத் தளம் அளித்தது. முகமறியா வணிகத்தில் இது பெருந்துணை. ஆனால் எதை அளக்கிறோமோ அதைப் பொய்யாகச் செய்ய மனிதன் கற்றுக்கொள்கிறான். வெற்றுப் பொட்டலம் அனுப்பி, தாமே ஆள் வைத்து வாங்கியதாகக் காட்டி, புகழுரை எழுதுவித்துப் புள்ளி சேர்க்கும் தொழில் ஒன்று தளத்தைச் சுற்றி முளைத்தது. முதல் வாரத்தில் குழுவினர் வாங்கிய பயனற்ற பொருள்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வெளிப்படை. அங்கே இழந்தவர் தளத்தார். இங்கே இழப்பவர் நேர்மையாக விற்கும் அடுத்த கடைக்காரர்.

இக்காலத்தில் நகர மேலாளர் எவரும் திட்டமிடாத வளர்ச்சி ஒன்று சிற்றூர்களில் நிகழ்ந்தது. ஜியாங்சு மாகாணத்தில் ஷாஜி என்னும் சிற்றூர்ப் பகுதி. பழைய பிளாஸ்டிக்கைப் பொறுக்கிப் பிரித்து விற்பதே அங்குப் பலர்க்குப் பிழைப்பு. நகரத்திலிருந்து ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர், ஷாங்காயில் கண்ட மர அறைகலன்களைப் போல எளியவை செய்து தாவ்பாவில் விற்கத் தொடங்கினார். அயலார் பார்த்தனர், தாமும் செய்தனர். தச்சுப்பட்டறை, மரம் அறுக்கும் கூடம், பொட்டலம் கட்டுவோர், சரக்கேற்றுவோர் எனச் சில ஆண்டுகளில் ஊரே உருமாறியது. இத்தகைய ஊர்களைத் தாவ்பாவ் ஊர் என்று அழைக்கலாயினர். ஆண்டுக்கு ஒரு கோடி யுவானுக்குக் குறையாத இணைய விற்பனையும், 100 இணையக் கடைகளோ பத்தில் ஒரு குடும்பத்தின் ஈடுபாடோ இருப்பதும் அதற்கு இலக்கணம். 2009இல் அவ்வாறு கணக்கிடப்பட்டவை 3 ஊர்கள், 2014இல் 212, 2020இல் 5,425. வேலை தேடி நகரத்துக்குப் போன மக்கள் ஊருக்குத் திரும்பினர். தளத்தின் குற்றங்களைப் பேசும்போது இதனை மறைத்துப் பேசுவது நடுவுநிலை ஆகாது. அதே வேளையில், ஓர் ஊர் முழுவதும் ஒரே தளத்தை நம்பி அடுப்பெரிக்கும் நிலை வந்துவிட்டால், அத்தளத்து மேலாளர் ஒரு விதியை மாற்றுவதென்பது அவ்வூரின் விலைவாசியையே மாற்றுவதற்கு ஒப்பாகும்.

2011ஆம் ஆண்டு இரண்டு நிகழ்ச்சிகளால் நினைவுகொள்ளத் தக்கது. ஒன்று பிப்ரவரியில். அலிபாபாவின் மூத்த பிரிவான ஏற்றுமதித் தளத்தில், கட்டணம் செலுத்திச் சரிபார்க்கப்பெற்ற விற்பனையாளர் என்னும் தகுதி பெற்றோருள் 2,326 பேர் 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டு வணிகரை ஏமாற்றியதாக உள் விசாரணையில் தெரியவந்தது. அதைவிடக் கசப்பான செய்தி, ஏறத்தாழ 100 விற்பனை ஊழியர் அவ்வேமாற்றுக்காரர்களைத் தெரிந்தோ கண்மூடியோ உள்ளே விட்டிருந்தனர் என்பது. எத்தனை பேரைச் சேர்த்தார் என்பதற்கேற்ப ஊக்கத்தொகை பெறும் ஊழியர், சேர்ப்பவர் யார் என்று பார்ப்பதை விட்டுவிட்டனர். தலைமை நிர்வாகி டேவிட் வெய்யும் அவருக்கு அடுத்த நிலை அதிகாரியும் அம்மோசடியில் நேரடியாகப் பங்கு கொண்டவர் அல்லர். எனினும் பொறுப்பேற்றுப் பதவி விலகினர். வளர்ச்சி இலக்கு என்னும் எண்ணை ஊழியர் முன் வைக்கும் எந்த மேலாளரும், அந்த எண்ணை எட்ட அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காதவர்க்கு விடை பிறகு வந்து சேரும்.

மற்றொன்று அக்டோபரில். பெயர்பெற்ற நிறுவனங்களும் தேர்ந்த கடைகளும் விற்கும் தனிப்பகுதியாகத் தாவ்பாவ் மால் 2008இல் தொடங்கப்பட்டிருந்தது. சிறு விற்பனையாளர் பலரும் அதில் இடம் பிடித்துத் தம் பணத்தையும் உழைப்பையும் அதிலேயே இட்டிருந்தனர். அதன் ஆண்டுக் கட்டணம் 6,000 யுவான். அது 30,000 அல்லது 60,000 யுவான் ஆகும் எனவும், 10,000 யுவானாக இருந்த பிணைத்தொகை 1,50,000 யுவான் வரை உயரும் எனவும் 2011 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. போலிப் பொருளை ஒழிக்கவும் தரத்தை உயர்த்தவுமே இவ்வேற்பாடு என்றனர் மேலாளர்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. போலிச் சரக்கு அங்காடியின் பெருநோயாக இருந்தது. பிணைத்தொகை வைத்தவன் பொய்ச்சரக்கு விற்க அஞ்சுவான். ஆனால் போலி விற்றவனும் நேர்மையாகச் சிறுகடை நடத்தியவனும் ஒரே அறிவிப்பால் வெளியே தள்ளப்பட்டனர். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

சிறு விற்பனையாளர் இம்முறை வேறு வழியில் எதிர்த்தனர். இணையத்தில் ஆயிரக்கணக்கில் ஒன்றுதிரண்டு, அப்பகுதியின் பெருங்கடைகளில் மிகுதியாகப் பொருள்களை வாங்குவதும் உடனே பணத்தைத் திருப்பிக் கேட்பதும் இழிந்த மதிப்பெண் இடுவதுமாக அவற்றின் வணிகத்தை முடக்கினர். சினம் தளத்தார் மீது. அடி விழுந்ததோ ஒரு பாவமும் அறியாத பிற கடைகள் மீது. இச்செயலை நியாயப்படுத்த இயலாது. ஆனால் ஐந்தாண்டுக்கு முன் போய்விடுவோம் என்று சொல்ல முடிந்தவர்கள், இப்போது ஏன் உள்ளே இருந்துகொண்டே கல்லெறிந்தனர் என்று கேட்க வேண்டும். போக இடமில்லை என்பதே விடை. வாங்குவோர் அனைவரும் தாவ்பாவில் இருந்தனர். பைபை வளரவே இல்லை. ஒரு வாரத்துக்குள் அரசும் தலையிட, நிறுவனம் பழைய கடைகளுக்கு 2012 செப்டம்பர் வரை தவணை அளித்து, 180 கோடி யுவான் ஆதரவுத் திட்டமும் அறிவித்தது. கட்டண உயர்வு தள்ளிப்போயிற்றே அன்றி நீங்கவில்லை. அப்பகுதி மறு ஆண்டில் டீமால் என்று பெயர் மாறிப் பெருநிறுவனங்களின் அங்காடியாகவே நிலைத்தது.

இதன்பின் வளர்ச்சி எண்களாகவே பேசப்பட்டது. நவம்பர் 11 என்னும் தள்ளுபடி நாளை 2009இல் 27 கடைகளோடு தொடங்கியபோது விற்பனை 5 கோடி யுவானைச் சற்றே தாண்டியது. 2019இல் அந்த ஒரே நாளில் 26,840 கோடி யுவான். இடையில் 2014இல் நியூயார்க் பங்குச் சந்தையில் 2,500 கோடி டாலர் திரட்டியது அலிபாபா. இவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். கேட்பவர்க்குத் தலைசுற்றுமே அன்றித் தெளிவு கூடாது.

கூர்ந்து நோக்க வேண்டியது, 2015 முதல் அந்நிறுவனம் கைக்கொண்ட ஒரு வழக்கம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்னும் பெயரால் அதனைச் சீனர் குறிப்பிடுவர். அலிபாபா தளத்தில் விற்கும் பெருங்கடைகள் போட்டித் தளங்களில் கடை திறக்கலாகாது. அங்கு நடக்கும் தள்ளுபடி விழாக்களில் பங்கு கொள்ளலாகாது. மீறினால் தேடலில் பின்வரிசைக்குத் தள்ளப்படும். விற்பவர் போக மற்றொரு வாசல் இருந்தமையால் 2006இல் மேலாளர் அவர் சொல்லைக் கேட்டனர் என்பதை முன்னர்க் கண்டோம். அந்த வாசலையே பூட்டுவது மேலாண்மைத் திறன் ஆயிற்று. சீனத்தின் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு 2020 டிசம்பரில் விசாரணை தொடங்கி, 2021 ஏப்ரலில் 1,822 கோடி யுவானுக்கு மேல் தண்டம் விதித்தது. 2019ஆம் ஆண்டு உள்நாட்டு வருவாயில் அது 4 விழுக்காடு. நிறுவனம் மேல்முறையீடு செய்யாமல் ஏற்றுக்கொண்டது.

விற்பனையாளரைக் கட்டி வைத்தவர்கள், வாங்குவோரைக் கட்டிவைக்க முடியாது என்பதைக் காணத் தவறினர். ஹுவாங் ஜெங் என்னும் மென்பொருள் வல்லுநர் 2015இல் பின்துவோதுவோ என்றொரு தளத்தைத் தொடங்கினார். நண்பரையும் உறவினரையும் சேர்த்துக்கொண்டு கூட்டாக வாங்கினால் விலை குறையும் என்பது அதன் முறை. டீமால் வேண்டாமென்று ஒதுக்கிய மலிவுச் சரக்கும், சிறு உற்பத்தியாளரும், சிற்றூர் வாங்குநரும் அங்கே இடம் பெற்றனர். ஈபே பெருநகரங்களை நோக்கியிருந்தபோது தாவ்பாவ் நுழைந்த வழியிலேயே தாவ்பாவுக்குப் பின்னால் வேறொருவர் நுழைந்தார். 2023 நவம்பர் இறுதியில், அமெரிக்கப் பங்குச் சந்தை மதிப்பில் அப்புதிய நிறுவனம் அலிபாபாவை முந்தியது.

புதிய தளம் விற்பனையாளர்க்குப் பொற்காலம் கொணர்ந்ததா என்றால், இல்லை. பொருளில் குறை என்று வாங்கியவர் முறையிட்டால், பொருளைத் திருப்பி அனுப்பாமலே பணத்தைத் திரும்பப் பெறலாம் என்னும் விதியை அது கடைப்பிடித்தது. வாங்குவோர் மகிழ்ந்தனர். போட்டிக்கு அஞ்சித் தாவ்பாவும் 2023 டிசம்பரில் அவ்விதியை மேற்கொண்டது. இருபது யுவானுக்குச் சட்டை விற்கும் கடைக்காரர்க்குச் சட்டையும் போயிற்று, காசும் போயிற்று. முன்பு அங்காடியில் நம்பிக்கையை வளர்க்கும் செலவைத் தளம் தன் கையிலிருந்து கொடுத்தது. ஏமாந்தவர்க்கு ஈடு செய்தது நிறுவனத்தின் பணம். இப்போது அதே நம்பிக்கைக்கான விலையைச் சிறு விற்பனையாளர் தலையில் ஏற்றிவிட்டு, வாங்குவோர் நலம் என்று பெயரிட்டனர். இலவசமாகப் பொருள் பெறவே முறையிடுவோர் கூட்டம் ஒன்றும் உருவாயிற்று. கடைக்காரர்களுள் சிலர், இழந்த சிறுதொகைக்காக நெடுந்தொலைவு பயணம் செய்து வாங்கியவர் வீட்டு வாயிலிலேயே போய் நின்றனர்.

2024 ஆகஸ்டில் தாவ்பாவ் அவ்விதியைத் தளர்த்தியது. நற்புள்ளி மிகுந்த கடைகளில், பொருள் கைசேர்ந்த பின் எழும் வழக்குகளில் தளம் தானாகத் தலையிடாது. விற்றவரும் வாங்கியவரும் முதலில் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. புள்ளி குறைந்த கடைகள் இன்னும் பழைய விதியின் கீழேயே காத்திருந்தன.